தொலைந்துபோனவர்கள் என்று யாரைச் சொல்கிறோம்?

கப்பலேறிப் போன தமிழர்களைப் பற்றி நாம் ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பஞ்சம் விரட்டியது, போனார்கள், கரும்புத் தோட்டத்தில் மாடாய் உழைத்தார்கள். மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்கள் மொழியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப், கயானா என்று தூரதேசம் போனவர்கள் ஆப்பிரிக்கர்களோடு கலந்து அடையாளத்தைத் தொலைத்துவிட்டார்கள். அயலகத் தமிழர்களைப் பற்றிய மேடைகளில் இந்த இடம் வரும்போது பேச்சாளரின் குரல் தழுதழுக்கும். பெயர் மட்டும்தான் மிச்சம் என்பார். வேரைத் தேடி வந்திருக்கிறார்கள், நாம்தான் கைகொடுக்க வேண்டும் என்பார். கூட்டம் கைதட்டும்.

இரக்கம்போலத் தெரியும் இந்தப் பேச்சுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது: கலந்தார்கள், அதனால் கெட்டார்கள். இந்தத் தீர்ப்பு வரலாற்றுப்படி தவறு. நியாயப்படி அதைவிடத் தவறு.

இதைத் திருவண்ணாமலையில் உட்கார்ந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஊர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை தென் ஆர்க்காட்டில் இருந்தது, பிறகு வட ஆர்க்காட்டுக்குப் போனது, 1989இல் தனி மாவட்டமானது. சென்னைத் துறைமுகத்திலும் புதுச்சேரி, காரைக்கால் கரைகளிலும் கப்பலேறியவர்களில் பெருங்கூட்டம் இந்த இரண்டு ஆர்க்காடுகளையும் சேர்ந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் கரையைத் தொட்டது. 1911வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தார், அவர்களிலும் வட ஆர்க்காட்டார் ஏராளம். பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஆள் சேர்த்தவர்களுக்கோ புதுச்சேரிக்குப் பின்பக்கம் இருந்த நம் ஊர்கள்தான் முதல் வேட்டைக்காடு. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாக இரண்டு மூன்று நாள் நடந்தால் புதுச்சேரி வந்துவிடும். 1876 முதல் 1878வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் அந்தப் பாதையில் நடந்தவர்களுக்கு மேஸ்திரி காட்டிய சோறுதான் அத்தாட்சிப் பத்திரம்.

அவர்கள் எதற்காகக் கொண்டுபோகப்பட்டார்கள்? பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848 ஏப்ரல் 27 அன்று அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. விடுதலையான ஆப்பிரிக்க மக்கள் நியாயமான கூலி கேட்டார்கள். பலர் தோட்டத்தை விட்டே வெளியேறினார்கள். அவர்கள் கேட்ட கூலியை உடைக்க முதலாளிகள் கண்டுபிடித்த வழி நாம். 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் மார்த்தினிக்கை அடைந்தது. அதே கப்பல் அடுத்த ஆண்டு டிசம்பரில் குவாதலூப்பில் ஆட்களை இறக்கியது. அடுத்த முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளில் மார்த்தினிக்குக்கு 25,000 பேருக்கு மேலும் குவாதலூப்புக்கு 42,000 பேருக்கு மேலும் போனார்கள். அடிமைகள் வாழ்ந்த அதே குடிசை வரிசைகளில், அதே மணி அடிக்க எழுந்து, அதே மேற்பார்வையாளனின் கீழ். ஆப்பிரிக்காவின் காங்கோ கரையிலிருந்தும் அதே ஆண்டுகளில் அதே மாதிரியான ஒப்பந்தத்தில் ஆயிரக்கணக்கானோர் கொண்டுவரப்பட்டார்கள். ஆப்பிரிக்க மக்கள் உலகெங்கும் சிதறடிக்கப்பட்ட வரலாறு நமக்குச் சம்பந்தமில்லாத வேறு யாருடைய கதையோ என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வரலாற்றின் இரண்டாம் பாகத்துக்குள் நம்மவர்கள் நேராக இறக்கிவிடப்பட்டார்கள்.

ஆப்பிரிக்காவோடு நமக்குள்ள தொடர்பு அதற்கும் முந்தியது. நம் கரையில் நெய்த துணி மேற்கு ஆப்பிரிக்காவில் பணமாக ஓடியது. அந்தப் பணத்தில் மனிதர்களும் வாங்கப்பட்டார்கள். தென் ஆர்க்காட்டு அவுரியில் சாயமேற்றிய புதுச்சேரி நீலத் துணி 19ஆம் நூற்றாண்டிலும் செனகல் வியாபாரத்தில் நாணயத்துக்குச் சமம். 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து தமிழர்களையே அடிமைகளாக ரீயூனியனுக்கும் மொரீஷியஸுக்கும் கொண்டுபோய் விற்றார்கள். அவர்கள் ஆப்பிரிக்க, மடகாஸ்கர் அடிமைகளுக்குப் பக்கத்தில் பூட்டப்பட்டார்கள். பிள்ளை பெற்றார்கள். அங்கேயே மண்ணுக்குள் போனார்கள்.

இனி, எது தொலைந்தது என்று பார்ப்போம்.

செஞ்சிக்கு அருகே மேலச்சேரி. திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூல ஊர் என்று சுற்றுவட்டாரம் நம்பும் இடம். அங்கிருந்து மேற்கே நம் மாவட்டம் முழுக்க, பங்குனி தொடங்கி ஆடிவரைக்கும் ஏதாவது ஓர் ஊரில் அக்னி வசந்த விழா நடந்துகொண்டே இருக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. கடைசி நாள் காலையில் ஊருக்கு வெளியே திடலில் துரியோதனன் மண்ணால் படுத்துக் கிடப்பான். முப்பது நாற்பது அடி நீளம், மார்பில் சுண்ணாம்புக் கோடுகள், முறைக்கும் கண்கள், முறுக்கிய மீசை. வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த மண் உடலின் மேலேயே ஏறி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடை பிளக்கும். அதிலிருந்து எடுத்த சிவப்பைத் தலையில் தடவித் திரௌபதி கூந்தல் முடிப்பாள். கூட்டம் உடைந்துபோய் மண்ணை அள்ளும். அந்த மண்ணை வீட்டில் வைத்தால் நல்லது. சாயங்காலம் காப்புக் கட்டியவர்கள் மஞ்சள் வேட்டி ஈரம் சொட்டத் தீக்குழியில் இறங்குவார்கள்.

இந்து மகா சமுத்திரத்தின் மறுகோடியில், ரீயூனியன் தீவில், பாஞ்சாலிக்காகத் தீக்குழி வெட்டுகிறார்கள். 18 நாள் விரதம். அந்த விரதத்தைக் கத்தோலிக்கர்கள் தவக்காலத்துக்குச் சொல்லும் பெயராலேயே சொல்கிறார்கள். தணல் தாண்டியதும் கால் நனைக்கப் பால்குழி. தப்பு அடிக்கிறார்கள். மகாபாரதக் கூத்தும் ராத்திரி முழுக்க நடக்கிறது. நடத்துபவர் அங்கும் வாத்தியார்தான். பாட்டுகள் தமிழ்தான், ஆனால் நோட்டுப் புத்தகத்தில் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாடுகிறவருக்கு எல்லாச் சொல்லும் புரியாது. குழியில் இறங்கும் வரிசையில் 'மல்பார்' என்று அழைக்கப்படும் தமிழ் வழியினரோடு ஆப்பிரிக்க, மடகாஸ்கர் வழியினரும் நிற்கிறார்கள். அவர்களும் விரதம் இருந்தவர்கள். அவர்களும் காப்புக் கட்டியவர்கள்.

மார்த்தினிக்கின் வடகோடியில் பாஸ் புவான்த் வட்டாரத்திலும், குவாதலூப்பின் கரும்பு வயல்களுக்கு நடுவிலும் மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் சின்னச் சின்னக் கோயில்கள் இருக்கின்றன. பூசாரி அருள் வந்து, கரும்பு வெட்டும் கத்தியின் விளிம்பில் வெறுங்காலோடு ஏறி நின்று குறி சொல்கிறார். உடைந்த தமிழில் வருவதைப் பக்கத்தில் நிற்பவர் தீவின் கிரியோல் மொழியில் எடுத்துச் சொல்கிறார். ஒரே வெட்டில் ஆட்டுத் தலை விழுகிறது. குறி கேட்டு நிற்பவர்களில், நேர்த்திக்கடன் செலுத்துபவர்களில், ஆப்பிரிக்க வழி வந்தவர்கள் திரளாக இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். கயானாவுக்குப் போன ஏறக்குறைய 2,39,000 இந்தியர்களில் சென்னையிலிருந்து போனவர்கள் 15,000 பேர் அளவில்தான். ஆனாலும் அவர்கள் கொண்டுபோன காளி, மாரி வழிபாடு அங்கே நோய் தீர்க்கும் இடமாகி, ஆப்பிரிக்க வழிக் கயானியர்களும் தேடிவரும் இடமானது.

இதைத் தொலைந்தது என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது? இரண்டு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம், ஊரோடு பெரிய தொடர்பு இல்லாமல், சாமியும் ஆட்டமும் அடியும் அங்கே உயிரோடு இருக்கின்றன. அவை பிழைத்ததற்குப் பக்கத்துக் குடிசைக்காரர்களும் ஒரு காரணம். மாரியம்மனிடம் பிள்ளை வரம் கேட்க ஒரு கறுப்பினத் தாய் வந்தபோது கோயிலுக்கு இன்னொரு குடும்பம் கிடைத்தது. ஒதுங்கி நின்றிருந்தால், மொழி போன தலைமுறையோடு சாமியும் போயிருக்கும். கலப்பு இந்த வழிபாட்டைக் கரைக்கவில்லை, அதற்கு ஆள் சேர்த்துத் தந்தது.

இங்கே எதிர்த்தரப்பு தன் வலுவான வாதத்தை எடுத்து வைக்கும்: மொழி போனதே! போனது. அதை மறைக்க ஒன்றுமில்லை, அது பெரிய இழப்பு, அதைச் சொல்லும்போது எனக்கும் வலிக்கிறது. ஆனால் அதை யார் எடுத்தார்கள் என்பதில்தான் நம் பேச்சாளர்கள் ஆளை மாற்றிக் கைகாட்டுகிறார்கள். மலேயாவில் கங்காணி ஊருக்கு வந்து சொந்தபந்தத்தோடு ஆள் கூட்டிப்போனார். ஆட்கள் போனார்கள், வந்தார்கள், திரும்பப் போனார்கள். புதுத் தமிழ் அங்கே இறங்கிக்கொண்டே இருந்தது. ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதைப் பிரிட்டிஷ் அரசு 1882இல் நிறுத்தியது. கரீபியப் பிரெஞ்சுத் தீவுகளுக்கு 1880களின் முடிவில் நின்றது. அதற்குப் பிறகு தமிழ் பேசும் புதிய கூட்டம் எதுவும் அங்கே வந்து இறங்கவில்லை. போனவர்களிலும் ஆண்களே மிகுதி, வீட்டில் தாலாட்டுப் பாடத் தமிழ்த் தாய்கள் குறைவு. பிறகு பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். பிறகு ஞானஸ்நானமும் புனிதர் பெயரும். 1946இல் இந்தத் தீவுகள் பிரான்சின் மாவட்டங்களாகவே ஆக்கப்பட்ட பிறகு பாரீசின் மொழி ஒன்றே மொழி.

அதே பள்ளிக்கூடத்தில் கிரியோல் பேசிய பிள்ளைக்கும் அடி விழுந்தது. ஆப்பிரிக்க மொழிகள் அதற்கு முன்பே, கப்பலிலும் சந்தையிலும் கொல்லப்பட்டிருந்தன. நம்மவர்களுக்குப் பெயராவது மிஞ்சியது. சிதம்பரம், முத்துசாமி, ராமசாமி, வீரப்பன் எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக இன்றும் இருக்கின்றன. 1848இல் விடுதலையான கறுப்பின மக்களுக்குக் குடும்பப் பெயரை அரசாங்க எழுத்தர் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார். பெயரையும் பறிகொடுத்தவர்கள், எல்லாம் போன பிறகு தாங்களே உருவாக்கிய ஒரு மொழியை, புதிதாக வந்து இறங்கிய கூலிக்குப் பேசக் கற்றுக் கொடுத்தார்கள். அந்த மொழியில்தான் நம்மவர்களின் பேரப்பிள்ளைகள் அழுதார்கள், சண்டை போட்டார்கள், காதலித்தார்கள். அதைப் போய்த் தமிழைத் தின்ற மொழி என்பது நன்றிகெட்ட பேச்சு.

புரியாமல் பாடுகிறார்கள் என்பது இன்னொரு குறை. அருணாசலேஸ்வரர் கோயில் சன்னதியில் வடமொழி மந்திரம் கேட்டுக் கைகூப்பி நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அது புரிகிறது? அவர்களுக்கு அடையாளம் இல்லை என்று யாரும் சொன்னதில்லை.

அடுத்தது தூய்மை. கலக்காத ஒன்று இங்கிருந்து போனது, அங்கே போய்க் கலந்து கெட்டது என்பது இந்த வாதத்தின் அடிக்கல். அந்த அடிக்கல்லே இல்லை. மார்த்தினிக் கோயில்களில் மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் பக்கத்தில் ஒரு கொடிமரம் நிற்கிறது, நாகூர் மீராவுக்கு. ஷாகுல் ஹமீது ஆண்டவர்தான். கடல் தாண்டுகிறவர்களைக் காப்பவர் என்று நாகூருக்கு நேர்ந்துகொண்டு கப்பலேறிய இந்துக்கள் அவரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் வாசல் காவலுக்கு நிற்பவர் முத்தால் ராவுத்தர். முஸ்லிம் வீரர். அவருக்குச் சாராயமும் சுருட்டும் வைத்துப் படைத்தவர்களின் பிள்ளைகள்தான் ரீயூனியனில் சிவப்புக் கூண்டுக்குள் நிற்கும் புனித எக்ஸ்பெதித்துக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். வேளாங்கண்ணியில் மொட்டை போட்டவர்களின் உறவினர்கள்தான் டிரினிடாட்டின் சிப்பாரியா ஊர் மாதா கோயிலில், அவளைச் சிப்பாரி மாயி என்று அழைத்து, கறுப்பினக் கத்தோலிக்கர்களோடு கும்பிடுகிறார்கள். பக்கத்து வீட்டுச் சாமியையும் கும்பிடு என்பது இங்கேயே கற்றுக்கொண்ட பழக்கம். அந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறார்கள். விட்டுக்கொண்டிருப்பது நாம்.

'மீட்பு' என்ற பெயரில் நடப்பதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 1970கள் தொடங்கி ரீயூனியனில் ஆகமக் கோயில்கள் எழுந்தன. இங்கிருந்து அர்ச்சகர்களும் சிற்பிகளும் போனார்கள். ஆடு கோழி வெட்டும் தோட்டத்துக் கோயில் பழையது, மூடநம்பிக்கை, சைவப் பூசைதான் உண்மையான தமிழர் சமயம் என்ற பேச்சு அவர்களோடு போய்ச் சேர்ந்தது. இளைஞர்கள் சிலர் தம் பாட்டன் பூசாரியைப் பார்த்து வெட்கப்பட்டார்கள். இங்கேயே அந்தச் சண்டை முடியவில்லையே? 1950இல் உயிர்ப்பலித் தடைச் சட்டம் வந்தது. 2003இல் அதைக் கடுமையாக அமல்படுத்தினார்கள். நாட்டுப்புறமே கொதித்தது, 2004இல் சட்டத்தையே திரும்பப் பெற்றார்கள். தமிழ்நாட்டு மக்கள் வாக்குச்சீட்டின் பலத்தால் காப்பாற்றிக்கொண்ட ஆட்டுக்கிடாயை, கேட்க நாதியில்லாத ரீயூனியன் பூசாரியிடமிருந்து பண்பாட்டின் பெயரால் பிடுங்கலாமா? கோயில் கட்டட்டும், தேவாரம் பாடட்டும், அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் ஒப்பந்தக் கூலி பிரம்பின் கீழே பாதுகாத்த மதுரை வீரனைத் தள்ளிவைத்துவிட்டு அதை மீட்பு என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

சாதியையும் பேசத்தான் வேண்டும், அதைப் பேசாமல் இந்த விவகாரத்தில் நேர்மையாக இருக்க முடியாது. திருவண்ணாமலை மாவட்டம், தண்டராம்பட்டு வட்டம், தென்முடியனூர். அங்கே முத்துமாரியம்மன் கோயில், இந்து சமய அறநிலையத் துறைக் கோயில். பல பத்தாண்டுகளாகப் பட்டியல் சாதி மக்கள் உள்ளே போக முடியாதிருந்தது. 2023 ஜனவரி 30 அன்று போலீஸ் பாதுகாப்போடு முதல் தடவையாகப் போனார்கள். பொங்கல் வைத்தார்கள். அழுதார்கள். மார்த்தினிக்கில் எந்த ஆப்பிரிக்க வழிப் பெண்ணும் மாரியம்மன் முன்னால் போய் நிற்கலாம். அவளுக்குப் போலீஸ் தேவைப்படவில்லை. கரீபியத் தீவுகளில் சாதி கப்பல் பட்டியலோடு ஏறக்குறைய நின்றுபோனது. ஒரே வரிசைக் குடிசை, ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே சுடுகாடு என்றான பிறகு யார் எந்தத் தெரு என்று பிரிக்க அங்கே தெருவே இல்லை. அதையும் சேர்த்துத்தான் 'அடையாளத்தைத் தொலைத்தார்கள்' என்கிறார்களா? கப்பலேறியவர்களில் பலர் இங்கே கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அங்கே அவர்களே பூசாரிகளானார்கள், அடுத்தவருக்கும் கதவு திறந்துவிட்டார்கள்.

இப்போது உண்மையான உறுத்தலுக்கு வருவோம். இந்த வருத்தம் ஏன் ஆப்பிரிக்கக் கலப்பைப் பற்றி மட்டும் வருகிறது? புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கி, பிரெஞ்சுப் பெயர் சூட்டி, பிரெஞ்சு ராணுவத்தில் ஓய்வூதியம் வாங்கிய குடும்பங்களை நாம் மரியாதையாகத்தான் பார்க்கிறோம். லண்டனில் தமிழ் தெரியாத பேரனை 'அங்கேயே பிறந்து வளர்ந்தவன்' என்று பெருமையோடு அறிமுகப்படுத்துகிறோம். வெள்ளையரோடு கலந்தால் உலகக் குடிமகன், கறுப்பரோடு கலந்தால் வேரிழந்தவன். இதைப் பண்பாட்டுக் கவலை என்று சொல்லிக்கொள்வது பொய். நிறவெறி என்று சொல்லிவிட்டால் பேச்சு நேராகும்.

திருவண்ணாமலை இதற்கு நல்ல சாட்சி. 1930களில் பால் பிரண்டன் ரமணரைப் பற்றி எழுதிய நாளிலிருந்து ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் இங்கே வந்துகொண்டே இருக்கிறார்கள். செங்கம் சாலையில் அவர்களுக்காகவே கடைகள், தங்கும் வீடுகள், ரொட்டி சுடும் அடுப்புகள். வேட்டியும் விபூதியுமாக ஒரு வெள்ளைக்காரர் கிரிவலப் பாதையில் நடந்தால் நாம் நின்று பார்த்து மகிழ்கிறோம். நம் பண்பாட்டை ஏற்றுக்கொண்டார் என்கிறோம். ஊர் கெட்டுப்போனது என்று ஒருவரும் மேடையேறிப் புலம்புவதில்லை. குவாதலூப்பின் ஒரு கறுப்பினக் குடும்பம் மூன்று நான்கு தலைமுறையாக மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறது, அந்தக் குடும்பத்துக்கு நம் எந்தப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது?

அங்கே எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று நான் சொல்லவில்லை. முதலாளி நம்மவர்களை இறக்கியதே கறுப்பின மக்களின் கூலியை உடைக்க. அந்தக் கோபம் நெடுங்காலம் நீடித்தது. 'கூலி' என்பது கிரியோலில் வசைச்சொல்லாகவே இருந்தது. 1949 ஜனவரியில் டர்பனில் ஒரு சிறு தகராறு பெரும் கலவரமாகி 142 பேர் செத்தார்கள். ஆப்பிரிக்கர்களும் செத்தார்கள், இந்தியர்களும் செத்தார்கள், இனஒதுக்கல் அரசு குளிர்காய்ந்தது. 2021 ஜூலையில் டர்பனுக்கு அருகே பீனிக்ஸ் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டபோது செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். கொன்றவர்கள் பக்கம் இந்தியப் பெயர்கள் இருந்தன. இதையெல்லாம் மறைத்துக் கலப்பைப் புகழ்வது ஏமாற்று வேலை. ஆனால் ஒன்று கவனியுங்கள். இந்த ரத்தங்கள் எதுவும் கலந்ததால் சிந்தவில்லை. மனிதர்களை இனவாரியாகச் சட்டம் போட்டுப் பிரித்த நாட்டில் சிந்தின.

அதே தென்னாப்பிரிக்காவில் வேறொன்றும் நடந்தது. 1947 மார்ச் 9 அன்று, நேட்டால் இந்தியக் காங்கிரசின் மான்டி நாயக்கர், டிரான்ஸ்வாலின் யூசுப் தாதூ, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் சூமா என்ற மூன்று டாக்டர்கள் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1949 கலவரம் அந்தக் கூட்டை உடைக்கவில்லை. 1970களில் ஸ்டீவ் பீக்கோவும் தோழர்களும் கறுப்புணர்வு இயக்கத்தைக் கட்டியபோது, ஒடுக்கப்பட்ட இந்தியரும் கறுப்பரே என்று வரையறுத்தார்கள். தமிழ்க் குடும்பப் பெயர் தாங்கிய ஸ்ட்ரினி மூட்லி அந்த அடையாளத்தை விரும்பி எடுத்துக்கொண்டார். அதற்காக 1976இல் தண்டிக்கப்பட்டு ராபன் தீவுச் சிறைக்குப் போனார். இந்தியன் என்று ஒதுங்கியிருந்தால் கொஞ்சம் சலுகை கிடைத்திருக்கும். 'கறுப்பன்' என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒரு மூட்லியை அடையாளம் இழந்தவர் பட்டியலில் போடுவதா? அடையாளத்தைத் தானே தேர்ந்தெடுத்து அதற்கு விலையும் கொடுத்தவர் அவர்.

குவாதலூப்பின் ஹென்றி சிதம்பரம் இன்னொருவர். 1904இல் இந்திய வழியினருக்கு வாக்குரிமை இல்லை என்றார்கள். அவர் வழக்குத் தொடுத்தார், விடாமல் 1923வரை போராடினார். கடைசியில் பாரீஸ் இறங்கிவந்தது. அவர் கேட்டது இந்தியாவுக்குத் திரும்பிப் போகும் கப்பல் சீட்டல்ல, தான் பிறந்த மண்ணில் கறுப்பின அண்டைவீட்டாருக்கு இருந்த அதே உரிமை. அந்தத் தீவு இன்று அவரைத் தன் நாயகர்களில் ஒருவராகக் கொண்டாடுகிறது.

போனது நம் பக்கமிருந்து மட்டும், கிடைத்தது ஒன்றுமில்லை என்ற கணக்கும் பொய்க்கணக்குத்தான். நீக்ரித்யூத் என்னும் கறுப்பின எழுச்சிக் கவிதையின் தலைமகன் எமே செசேர் 1913இல் பிறந்தது பாஸ் புவான்த் ஊரில். மேலே சொன்ன, மாரியம்மன் கோயில்கள் நிறைந்த அதே வட்டாரம். 1939இல் வெளிவந்த அவருடைய நீள்கவிதையில் உலகத்தின் மிதிபட்ட மனிதர்களைத் தன்னோடு சேர்த்து எண்ணும்போது இந்து மனிதனையும் சேர்த்தார். 2004இல் ரஃபாயேல் கொன்ஃபியான், பஞ்சத்தில் மார்த்தினிக் போன தமிழர்களை வைத்து முழு நாவலே எழுதினார். நம் குழம்பு மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் 'கொலம்போ' என்ற பெயரில் எல்லார் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சமையலாகிவிட்டது. மெட்ராஸ் கட்டம் போட்ட துணி அங்கே கறுப்பினப் பெண்களின் தலைக்கட்டு, விழா உடை. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இந்த மெட்ராஸ் துணியை வாங்கி, கத்தி நுனியால் சில இழைகளை மட்டும் அறுத்து உருவி எடுத்து, நெய்தவன் கனவிலும் காணாத புது வடிவத்தைத் துணிக்குள் கொண்டுவருகிறார்கள். பிள்ளை பிறந்தாலும் முதியவர் இறந்தாலும் அந்தத் துணி இல்லாமல் சடங்கு இல்லை. அது இன்று அவர்களுடைய துணி. நம்முடையதும்தான். யாரும் எதையும் இழக்கவில்லை.

செய்யாறு பக்கம் புரிசையில் தம்பிரான் பரம்பரை ஐந்து தலைமுறையாகக் கூத்து ஆடுகிறது. பாரதக் கதையைக் கட்டிக்காத்த அதே குழு பிரெக்டையும் மார்க்கேஸையும் கூத்தாக்கியது. கலப்பைக் கண்டு அஞ்சாத கலைஞர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும், அடவு சுத்தமாக இருந்தால் கதை எங்கிருந்து வந்தாலும் கூத்து நிற்கும் என்று. அப்படியிருக்க ரீயூனியன் கூத்து வாத்தியாரை நாம் ஏன் மாணவனாகவே பார்க்கிறோம்? அவர் நோட்டில் பிரெஞ்சு எழுத்தில் இருக்கும் பாட்டுகளில் இங்கே வழக்கொழிந்தவை இருக்கக்கூடும். அதை உட்கார்ந்து கேட்டு, ஒப்பிட்டு, பதிவுசெய்யப் புரிசையைவிட நல்ல இடம் ஏது?

ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் நாளாகத் தமிழ்நாடு அரசு கொண்டாடுகிறது. அமைச்சர்கள், தொழிலதிபர்கள், அறிவியலாளர்கள் வருகிறார்கள், வரட்டும். அதற்கு அடுத்த வாரம் புரிசையில் ஒரு ராத்திரி வேண்டும். அங்கே ரீயூனியன் வாத்தியார் தன் நோட்டைத் திறந்து பாட வேண்டும், புரிசைக்காரர்கள் பின்பாட்டுப் பாட வேண்டும். மார்த்தினிக்கில் மாரியம்மனுக்குத் தப்படிப்பவரையும் அழைக்க வேண்டும். அவர் எந்த நிறம், அவர் பாட்டன் காரைக்காலில் கப்பலேறினானா காங்கோ கரையில் ஏறினானா என்ற கேள்வி விண்ணப்பத்தில் இருக்கக்கூடாது. பயணச் செலவை அரசே தர வேண்டும், மேடையில் நாற்காலியும் மற்றவர்களுக்குப் போடும் அதே வரிசையில் போட வேண்டும்.